மஷூராவும் மினிட் புத்தகமும்: சபை கூடிய வரலாறு



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் நம் குடும்பங்களில் ஏதேனும் ஒரு கூட்டத்தோடு தொடர்பில்லாத குடும்பம் அரிது. ஒருவர் பள்ளிவாசல் நிர்வாகக் குழுவில் இருப்பார். மற்றொருவர் மதரஸா கமிட்டியில் இருப்பார். இன்னொருவர் கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்தின் பொருளாளராக இருப்பார். இவை எதிலும் இல்லாதவரும் அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து ஒரு ஜவுளிக் கடையையோ மணிலாக்கொட்டை மண்டியையோ நடத்தி வருவார். கூட்டு வியாபாரம் என்றால் கூடிப் பேசுவதும் அதில் அடக்கம்.

ஆனால் நாம் கூடுகிற விதம் எப்படி இருக்கிறது? இஷாவுக்குப் பின் கூட்டம் என்று பள்ளிவாசல் பலகையில் எழுதப்படும். எதைப் பற்றி என்று எழுதப்படாது. பத்துப் பேர் வருவார்கள். இரண்டு பேர் பேசுவார்கள். நள்ளிரவை நெருங்கும்போது ஒருவர் கணக்குக் கேட்பார், கேட்டவர் விரோதியாகிவிடுவார். மறுநாள் சுப்ஹுத் தொழுகையில் இருவர் ஒரே ஸஃப்பில் நிற்பதைத் தவிர்ப்பார்கள். கடைகளின் நிலை இதைவிட வருத்தத்திற்குரியது. இருபது ஆண்டுகள் ஒரே கல்லாவில் கை வைத்த சகோதரர்கள், வாப்பா மௌத்தான பிறகு பாகப்பிரிவினைக்காகத்தான் முதன்முறையாகக் கணக்கு நோட்டோடு எதிரெதிரே உட்காருகிறார்கள். அப்போது நடுவில் அமர்ந்து மார்க்கம் சொல்ல ஆலிம்களை அழைக்கிறார்கள். ஃபராயிள் சட்டப்படி பங்கு பிரிப்பது எளிது. எந்த முதல் யாருடையது, எந்த லாபம் எப்போது எடுக்கப்பட்டது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இயலாத காரியமாக இருக்கிறது. அதைப் பேசிப் பதிவு செய்யாமலே இருபது ஆண்டுகள் கழிந்திருக்கும்.

கூட்டத்தை முறையாக நடத்துவது மேல்நாட்டுக் கம்பெனிகள் கண்டுபிடித்த கலை என்றும், அதற்கும் நமக்கும் தொடர்பில்லை என்றும் சிலர் நினைக்கிறார்கள். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. நம் மார்க்கத்தின் வரலாற்றிலும், நாம் வாழும் இந்த மண்ணின் வரலாற்றிலும் கூட்டம் நடத்துவதற்கு நுட்பமான ஒழுங்குகள் இருந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றை இங்கே பார்ப்போம்.

மக்காவும் மதீனாவும்

இஸ்லாத்துக்கு முந்திய மக்காவில் தாருந் நத்வா என்றொரு மன்றம் இருந்தது. குறைஷிகளின் முன்னோரான குஸை கட்டிய வீடு அது. அதன் வாசல் கஅபாவை நோக்கித் திறந்திருந்தது. குஸையின் வழிவந்தவர்களைத் தவிர, நாற்பது வயது நிரம்பாத எவரும் ஆலோசனைக்கு உள்ளே வர முடியாது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். போருக்குக் கொடி கட்டியதும், வணிகக் கூட்டங்கள் புறப்பட்டதும் அங்கிருந்துதான். ஒழுங்கு இருந்தது, வயது வரம்பு இருந்தது, இடம் இருந்தது. ஆயினும் நபி (ஸல்) அவர்களைக் கொல்லும் திட்டம் தீட்டப்பட்டதும் அதே மன்றத்தில்தான். முறையாகக் கூடிவிட்டால் மட்டும் கூட்டம் நல்லதாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே மக்காவில் வேறொரு கூட்டமும் நடந்தது. வியாபாரிகள் மனத்தில் வைக்க வேண்டிய கூட்டம் அது. யமன் நாட்டு ஸபீத் பகுதியிலிருந்து வந்த ஒரு வணிகர் தம் சரக்கை மக்காவின் பெரிய மனிதர் ஆஸ் பின் வாயிலிடம் விற்றார். சரக்கை வாங்கிக்கொண்டவர் பணத்தைக் கொடுக்கவில்லை. வெளியூர்க்காரருக்கு யார் துணை? அவர் கஅபாவின் அருகே நின்று முறையிட்டார். அதன் விளைவாக அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் இல்லத்தில் சில குலத்தார் கூடினார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும், அவருக்கு உரியது கிடைக்கும்வரை அவர் பக்கம் நிற்பது என்று உடன்படிக்கை செய்தார்கள். பின்னர் நேராகச் சென்று வணிகருக்குரியதை மீட்டுக் கொடுத்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று பெயர்பெற்ற அந்தக் கூட்டத்தில் இளைஞராயிருந்த நபி (ஸல்) அவர்கள் கலந்துகொண்டார்கள். நபித்துவத்திற்குப் பின்னரும் அதைப் பெருமையாக நினைவுகூர்ந்தார்கள். ஒரே ஒரு விஷயத்துக்காகக் கூடினார்கள், ஒரு முடிவெடுத்தார்கள், உடனே போய் அதை நிறைவேற்றினார்கள். நம் வியாபாரிகள் சங்கங்களில் எத்தனை தீர்மானங்கள் இப்படி வாசற்படி தாண்டுகின்றன?

மதீனாவுக்கு வருவோம். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, கி.பி. 625. குறைஷிப் படை உஹதுக்கு அருகே வந்துவிட்டது. ஊருக்குள்ளேயே இருந்து எதிர்கொள்வதுதான் நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ள இயலாமல் போன இளைஞர்கள் வெளியே சென்று போரிட வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். பெரும்பான்மையோர் அவர்கள் பக்கம் நின்றதால் நபியவர்கள் அதை ஏற்று, உள்ளே சென்று கவசம் அணிந்து வந்தார்கள். இதற்குள் இளைஞர்களுக்கு மனம் உறுத்தியது. தங்கள் கருத்தைத் திரும்பப் பெற முன்வந்தார்கள். நபியவர்களோ, கவசம் அணிந்த நபி போரை முடிக்காமல் அதைக் கழற்றுவது தகாது என்று மறுத்துவிட்டார்கள். முடிவு எடுக்கும்வரை எல்லோருக்கும் வாய் திறந்திருந்தது. முடிவு எடுத்த பின் அது மீண்டும் திறக்கப்படவில்லை.

உஹதில் இன்னொன்றும் நடந்தது. ஊருக்குள் இருக்கலாம் என்று சொன்ன மற்றொருவர் அப்துல்லாஹ் பின் உபை. தன் பேச்சு ஏற்கப்படவில்லை என்பதையே காரணமாகச் சொல்லி, சுமார் முந்நூறு பேரோடு பாதி வழியில் திரும்பிவிட்டார். நபியவர்களின் கருத்தும் ஏற்கப்படவில்லை. அவர்கள் படைக்கு முன்னே நடந்தார்கள். அவருடைய கருத்தும் ஏற்கப்படவில்லை. அவர் வெளிநடப்புச் செய்தார். ஒரே கூட்டத்தில் தோற்ற இரு கருத்துகளுக்குப் பின் நடந்தவை இவை.

அந்தப் போரில் முஸ்லிம்கள் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். இளைஞர்களிடம் கேட்டதால்தான் இந்த நிலை, இனிக் கலந்தாலோசிக்கத் தேவையில்லை என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால் உஹதைக் குறித்து இறங்கிய வசனங்களுக்கிடையேதான், அவர்களை மன்னித்து, அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கோரி, காரியங்களில் அவர்களோடு ஆலோசிக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (3:159). தோல்விக்குப் பிறகும் மஷூரா ரத்துச் செய்யப்படவில்லை. ஒரு முறை நஷ்டம் வந்ததும், இனி தம்பியைக் கேட்க மாட்டேன் என்று சொல்லும் அண்ணன்மார்கள் இந்த வசனம் இறங்கிய நேரத்தைச் சற்றே கவனிக்க வேண்டும்.

கூட்டத்தை எப்படிப் பகுத்து நடத்துவது என்பதற்கு உமர் (ரலி) அவர்களின் காலம் நல்ல பாடம் தருகிறது. ஹிஜ்ரி 18இல் அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்டு ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதாகப் படைத்தலைவர்கள் வந்து சொன்னார்கள். அம்வாஸ் கொள்ளை நோய் என்று வரலாற்றில் அறியப்படுவது அதுவே. முன்னே செல்வதா, மதீனாவுக்குத் திரும்புவதா? உமர் (ரலி) எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டிச் சத்தம் போட விடவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள்; அவர்களிடையே கருத்து வேறுபாடு. அவர்களை அனுப்பிவிட்டு அன்ஸாரிகளை அழைத்தார்கள். அவர்களிடமும் அதே வேறுபாடு. பிறகு மக்கா வெற்றியின்போது ஹிஜ்ரத் செய்த குறைஷி முதியவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடலாம் என்றார்கள். மறுநாள் காலை புறப்பாடு என்று அறிவிக்கப்பட்டது. அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) வெளிப்படையாகவே கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்று கூறிய கலீஃபா, ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். அதுவரை அங்கில்லாத அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்பவர்கள் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அறிவித்தபோது விவாதம் முடிந்தது.

கூட்டத்தில் பேச வேண்டியவர் யார் என்று பார்த்துப் பார்த்து அழைப்பதும், ஒரு குழுவின் பேச்சு மற்றொரு குழுவின் மனத்தைச் சாய்க்காதபடி தனித்தனியே கேட்பதும் இங்கே தெளிவாகத் தெரிகின்றன. செய்தி தெரிந்த ஒருவர் வராமல் போனதும் தெரிகிறது. நம் கூட்டங்களில் பெரும்பாலும் அந்த ஒருவர்தான் அழைக்கப்படாமல் இருப்பார்.

ஹிஜ்ரி 23இல் (கி.பி. 644) கத்திக் குத்துக்கு ஆளாகி மரணப் படுக்கையில் இருந்தபோது உமர் (ரலி) அமைத்த ஆறு பேர் குழு இன்னும் நுட்பமானது. உஸ்மான், அலீ, தல்ஹா, ஸுபைர், ஸஅத் பின் அபீவக்காஸ், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலியல்லாஹு அன்ஹும்) ஆகிய அறுவருக்கும் பணி ஒன்றே: தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. கெடு மூன்று நாட்கள். அதுவரை தொழுகை நடத்த ஸுஹைப் (ரலி). வாசலில் காவலுக்கு அபூதல்ஹா அன்ஸாரி (ரலி) தலைமையில் ஐம்பது பேர். கலீஃபாவின் மகன் அப்துல்லாஹ் (ரலி) ஆலோசனையில் அமரலாம். ஆனால் ஆட்சியில் அவருக்குப் பங்கில்லை. வாக்குகள் சமமாகப் பிரிந்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி சொல்லப்பட்டிருந்தது.

குழு கூடியதும் முடிச்சை அவிழ்த்தவர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி). மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்து, பங்கு கொடுக்க முன்வந்த அன்ஸாரித் தோழரிடம் சந்தைக்கு வழி மட்டும் கேட்டு வாங்கி, பெரும் வணிகராக உயர்ந்தவர் அவர். முதலில் அவர் தம்மைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார். தனக்கு ஆசையில்லாதவன்தான் நடுவனாக இருக்க முடியும் என்பதை ஒரு வியாபாரி அறிந்திருந்தார். பிறகு மதீனாவின் மக்களிடம் இரவும் பகலும் விசாரித்தார். வீட்டுப் பெண்களிடமும், ஊருக்கு வந்திருந்த பயணிகளிடமும்கூடக் கேட்டார் என்று இப்னு கஸீர் எழுதுகிறார். உஸ்மான் (ரலி) அவர்களின் பெயரை அறிவித்தது பள்ளிவாசலில், எல்லோர் முன்னிலையிலும். இன்று இந்தியக் கம்பெனிச் சட்டம், ஓர் ஒப்பந்தத்தில் தனக்கு ஆதாயமுள்ள இயக்குநர் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்தப் பேச்சிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்கிறது. பள்ளிவாசல் கடைகளை வாடகைக்கு விடுவது பற்றிய கூட்டத்தில், கடை கேட்டு மனுப்போட்டவரே தலைமை தாங்குவதை நாம் எத்தனை ஊர்களில் காண்கிறோம்?

நம் மண்ணில்

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது ராஜராஜச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயருடைய பிராமணர் ஊர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், ஏறத்தாழ 1025இல், அவ்வூர்ச் சபை கோயிலைச் சார்ந்த ஒரு கல்லூரிக்குச் செய்த ஏற்பாடு அங்குள்ள நரசிங்கப் பெருமாள் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர், மானியம் 45 வேலி நிலம். இதில் நம்மைப் போன்ற மதரஸா ஆசிரியர்களின் கண்ணை நிறுத்துவது அந்தத் தீர்மானத்தின் நுணுக்கம். ரிக் வேதம் ஓதுவோர் 75 பேர், யஜுர் வேதம் ஓதுவோர் 75 பேர், இலக்கணம் தொடங்குவோர் 40 பேர் என்று பாடம் பாடமாக இடங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. இளைய மாணவருக்கு நாளொன்றுக்கு இத்தனை நாழி நெல், மூத்தவருக்கு அதைவிடக் கூடுதல், ஆசிரியருக்கு இன்னும் கூடுதல் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அளவு சொல்லப்பட்டிருக்கிறது.

மதரஸாவுக்கு உதவி செய்வோம் என்று ஒரு வரியில் தீர்மானம் எழுதிவிட்டுக் கலைந்து போகும் நமக்கு இது வியப்பாக இருக்கலாம். எத்தனை பிள்ளைகள், எத்தனை உஸ்தாதுகள், மாதம் எவ்வளவு அரிசி, அந்தச் செலவுக்கு எந்த வருமானம் என்று அந்தச் சபை கணக்குப் போட்டிருக்கிறது. சம்பளம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் ஓர் உஸ்தாது மாதக் கடைசியில் முத்தவல்லியின் வாசலில் நிற்கும் நிலைக்கு இடமில்லாத தீர்மானம் அது.

எண்ணாயிரத்துச் சபையின் உறுப்பினர்கள் நிலவுடைமையுள்ள பிராமண ஆண்கள். உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. இதை மறைத்துவிட்டு அக்காலச் சபைகளை இன்றைய ஜனநாயகம் என்று புகழ்வது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. ஆயினும், தாங்கள் கூடிய எல்லைக்குள் அவர்கள் கண்ட ஒழுங்கைக் கற்றுக்கொள்வதில் தவறில்லை.

அந்த ஒழுங்கு எவ்வளவு தூரம் சென்றது என்பதைத் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூர்க் கல்வெட்டு காட்டுகிறது. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது, ஏறத்தாழ கி.பி. 800. பறை அறைந்து கூட்டப்பட்ட அவ்வூர் மகாசபை, சபையில் யார் பேசலாம் என்று விதி செய்தது. கல்வியும் நன்னடத்தையும் தகுதிகளாகச் சொல்லப்பட்டன. அதோடு இன்னொரு விதியும் உண்டு. கொண்டுவரப்படும் ஒவ்வொரு காரியத்துக்கும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருந்து சபையின் வேலையைத் தடுப்பவர், அவ்வாறு தடுத்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். அவருக்கு உடந்தையாக நிற்பவருக்கும் இதே கதிதான். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அப்படிப்பட்ட மனிதர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இருந்திருக்கிறார்கள் என்பது ஒரு வகையில் நமக்கு ஆறுதல். கருத்து வேறுபாட்டுக்குத் தண்டம் இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்வதற்கே தண்டம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், பொறிக்கப்பட்டவை. முப்பது குடும்புகள், குடும்புதோறும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இடுவது, ஏதும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பது, அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று எல்லோரும் கேட்கும்படி வாசிப்பது. ஓலையை மாற்றிவிட முடியாதபடிதான் விரல்களை விரிக்கச் சொன்னார்கள் போலும்.

பாடநூல்கள் தேர்தல் முறையோடு நிறுத்திக்கொள்கின்றன. நமக்கு முக்கியமானது தகுதிநீக்கப் பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்துக்குள் போகாது. அவர் பெயர் மட்டுமல்ல. சிற்றன்னை பெரியன்னை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனர் என்று உறவினர் பலரின் பெயரும் போகாது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. கணக்கு எழுதியவர் தம் கணக்கை ஒப்படைத்து, அது தூய்மையானது என்று ஏற்கப்பட்ட பிறகே மீண்டும் எழுத அமர்த்தப்படுவார். கணக்குக் கேட்பது குற்றமா, கணக்குக் காட்டாதது குற்றமா என்ற கேள்விக்கு அவ்வூரார் கல்லிலேயே விடை எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஜமாஅத்துகளில் இந்த விடை இன்னும் சில இடங்களில் தலைகீழாகவே இருக்கிறது.

வணிகர்களின் கூடுகை வேறு வகை. 849இல் கொல்லத்தில் வேணாட்டு அய்யனடிகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்கள் குறிப்பிடப்படுகின்றன. அதன் சாட்சிகள் அரபு மொழியில் கூஃபி எழுத்திலும், பஹ்லவியிலும், ஹீப்ரு எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முஸ்லிம் வணிகர்கள் இந்தக் கரையில் வேற்று மதத்தாரோடு ஒரே ஆவணத்தில் கையெழுத்திட்டது அத்தனை பழைமையானது.

அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த ஆங்கிலக் கம்பெனியின் கதை செஞ்சியோடு பின்னிக் கிடக்கிறது. 1690இல் செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை நிலம் என்பது பேரம். செயின்ட் டேவிட் கோட்டை என்று அதற்குப் பெயரிட்டார்கள். அங்கும் சென்னைக் கோட்டையிலும் கம்பெனியின் கவுன்சில் கூடிப் பேசியவை நாள்வாரியாகப் புத்தகத்தில் எழுதப்பட்டன. துணி வாங்கும் விலை, வணிகர்களுக்குக் கொடுத்த முன்பணம், வேலையாள் செய்த தவறு என எல்லாம் அதில் உண்டு. பிரதிகள் லண்டனுக்குக் கப்பலேறின. அந்தப் புத்தகங்கள் இன்றும் சென்னை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவர்களின் நோக்கத்தை நாம் ஏற்கவில்லை. நாட்டையே விழுங்கிய நோக்கம் அது. ஆனால் அன்று அவர்களோடு பேரம் பேசிய நம் முன்னோர் தரப்பில் அந்தப் பேச்சுகளின் பதிவுகள் எத்தனை எஞ்சியிருக்கின்றன? மரக்காயர் கப்பல்களின் வரலாற்றை எழுத இன்று ஆய்வாளர்கள் புரட்டுவது அந்நியரின் புத்தகங்களைத்தான்.

இக்காலம்

கூட்ட விதிகளுக்கு உலகெங்கும் பெயர்பெற்ற நூலை எழுதியவர் ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர். 1863இல் நியூ பெட்ஃபோர்டு நகரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் திடீரென்று தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் அவர் கையை மீறிக் குழப்பமாயிற்று. அந்த அனுபவத்தில் தேடித் தேடிப் படித்து 1876இல் விதிகளை வெளியிட்டார். வழிபாட்டுத் தலக் கூட்டங்கள் குழம்புவது நமக்கு மட்டும் உரியதல்ல போலும்.

இன்றைய சட்டங்களை ஓரிரு வரிகளில் பார்த்துவிடலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி இயக்குநர் குழு ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். நடந்ததை முப்பது நாளுக்குள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நம் ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது. இவற்றுள் எதுவும் நம் பாட்டனார்கள் அறியாத ஞானமல்ல.

விரிவாகச் சொல்ல வேண்டியது வேறொன்று. அரசியல் நிர்ணய சபையில் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியாரும் உறுப்பினர். சென்னை மாகாணத்தின் பிரதமராக 1947 முதல் 1949 வரை இருந்தவர். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிபும் உறுப்பினர். 1948 மார்ச் 10 அன்று சென்னையில், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் கட்டடத்தில், பிரிவினைக்குப் பிந்திய இந்தியாவில் முஸ்லிம் லீக் தொடர்வதா வேண்டாமா என்று முடிவுசெய்யக் கூட்டம் கூட்டியவர் அவர். அதே ஆண்டு நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. எந்தச் சமூகத்தாரும் தம் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக்கூடாது என்று அவர் திருத்தம் கொண்டுவந்தார். திருத்தம் தோற்றது. அவர் வெளிநடப்புச் செய்யவில்லை; தம் காரணங்களை முழுமையாக எடுத்துரைத்துவிட்டு அமர்ந்தார். அந்தப் பேச்சு சபையின் நடவடிக்கைக் குறிப்பில் அப்படியே அச்சாகியிருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பிரிவைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பக்கங்களைத் திருப்புகிறார்கள். வாக்கில் தோற்ற கருத்து பதிவில் தோற்கவில்லை. மினிட் புத்தகத்தில் எதிர்ப்பை எழுத மறுக்கும் செயலாளர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். எழுதப்படாத எதிர்ப்பு தெருவுக்கு வந்துவிடும்.

நம் ஜமாஅத்திலும் கடையிலும் இவற்றில் எவற்றை இப்போதே செய்யலாம்? பள்ளிவாசல் பலகையில் நேரத்தோடு விஷயத்தையும் எழுதலாம். மூன்று விஷயங்களுக்கு மேல் வைத்தால் மூன்றாவதற்குப் பிறகு யாரும் விழித்திருப்பதில்லை. அஜெண்டாவின் கடைசியில் வழக்கமாக எழுதப்படும் ‘தலைவர் அனுமதியுடன் இதரப் பொருள்கள்’ என்ற வரியில்தான் பெரும்பாலான சண்டைகள் ஒளிந்திருக்கின்றன. கணக்குக் கேட்க விரும்புபவருக்கு அந்த வரியைத் தவிர வேறு வாசல் இல்லாததே காரணம். கணக்கையே முதல் பொருளாக வைத்து, வரவு செலவின் நகலை ஒரு வாரம் முன்பே ஜும்ஆவுக்குப் பின் கொடுத்துவிட்டால் பாதிச் சூடு அடங்கிவிடும். இஷாவுக்குப் பின் கூட்டுவதைவிட அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே கூட்டுவது நலம். பாங்கு சொன்னதும் பேச்சு தானாக முடியும். அவ்வளவு கண்டிப்பான தலைவர் எந்தச் சங்கத்துக்கும் கிடைக்க மாட்டார். எடுத்த முடிவைக் கலைவதற்கு முன் சத்தமாக வாசித்து, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல; கடன் கொடுக்கல் வாங்கலை எழுதுவதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

கடை நடத்தும் சகோதரர்களுக்கு ஒன்று. மாதம் ஒரு முறை உட்காருங்கள் என்று சொன்னால் சீஸன் நேரத்தில் இயலாது என்பார்கள், அது உண்மையும்கூட. நம் குடும்பங்களில் பலர் ஜகாத்தை ரமளானில் கணக்கிடுகிறார்கள். சரக்கு எவ்வளவு, நிலுவை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அதற்காக ஷஅபான் கடைசி வாரத்தில் எப்படியும் எண்ணியாக வேண்டும். அந்த வாரத்தில் ஒரு நாள் மாலை, கூட்டாளிகள் அனைவரும், வீட்டுப் பெண்களில் பங்குள்ளவர்களும் சேர்ந்து, ஒரு மணி நேரம் அமரலாம். வாப்பா இருக்கும்போதே அமர்வது நல்லது. எந்த முதல் யாருடையது என்பது அவருக்குத்தான் முழுமையாகத் தெரியும். பேசியதை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, எல்லோரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளலாம். இதற்கென்று தனியே கணக்கு எடுக்க வேண்டியதில்லை. நோட்டுகள் ஜகாத்துக்காக அன்று விரிந்துதான் கிடக்கும்.